தள்ளி வெட்டிய அட்டை

மதியம் பிரஸ்கள் நின்றதும் காதுக்குள் தண்ணீர் புகுந்தது போலாகிவிடும். காலையிலிருந்து தகட்டை அடித்துக்கொண்டிருந்த கொட்டகை சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் குளத்துக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றும். மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் அந்த நேரத்தில்தான் சுதா பையிலிருந்து பெட்டியை எடுத்து, தகடுகளை அளவு பார்க்கும் தன் சோதனை மேசைமேல் வைத்தாள்.

பெட்டிமேல் படத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. உள்ளே உறை உறையாகச் சினிமாக் காட்சி அட்டைகள். பிள்ளைகள் சேர்த்துவைத்துத் தங்களுக்குள் மாற்றிக்கொள்பவை. எந்த உறையில் எந்தக் காட்சி இருக்கிறதென்று பிரித்தால்தான் தெரியும்.

"இந்த வயசுல இன்னாடி உனக்கு ஹீரோ பைத்தியம்?" என்றாள் ஜமீலா. எதிர் மேசையில் தகட்டுப் பிசிறு தேய்ப்பவள். விஷயம் தெரிந்தேதான் கேட்டாள்.

"ஹீரோ யாருக்குக்கா வோணும்? துறைமுகம் வந்தா போதும்."

சுதாவின் புருஷன் ஆனந்தன் வானகரம் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கியவன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு துறைமுகம் செட் போட்டபோது, தோள் உள்ள ஆட்கள் வேண்டுமென்று மார்க்கெட் கூட்டத்தையே வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஹீரோ தூக்கியது தெர்மாகோல் பெட்டி. இவர்கள் தூக்கியது நிஜப் பெட்டி. படம் வருவதற்குள் பைபாஸில் ஒரு லாரி ஆனந்தனை அடித்துவிட்டுப் போய்விட்டது.

தியேட்டரில் அவனைப் பார்த்தாள். வெள்ளைப் புகை உருண்டு வருகிறது. இடது ஓரத்தில் பல் தெரியச் சிரித்தபடி ஆனந்தன். கண்ணை இமைத்தால் போச்சு. போனில் போட்டு நிறுத்திப் பார்த்தால் முகம் புகையோடு கரைந்து ஓடியது. வீட்டில் இருப்பது ஆதார் போட்டோவைப் பெரிதாக்கியது. ஏதோ கேஸில் பிடித்துவந்தவன் போல முறைக்கிற முகம். அதற்குத்தான் மாலை. சிரிக்கிற முகம் அவளுக்குள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தது. துறைமுகக் காட்சியும் அட்டையாக வந்திருப்பதாக யாரோ சொல்லக் கேட்டுத்தான் இந்தப் பெட்டியை வாங்கினாள்.

ஜமீலா பிசிறு வெட்டும் கத்தியால் உறைகளைக் கீறிக் கீறித் தள்ளினாள். சுதா வாங்கினாள். அட்டைகள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன. முதுகில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் எழுத்து. அவள் அடுக்கை மேசையில் தட்டி, ஓரம் பார்த்து, பிறகுதான் திருப்பினாள். மழையில் ஒரு பாட்டு. எரிகிற கோட்டை. குதிரை. வில்லன், மறுபடி வில்லன்.

"இந்த மூஞ்சிய எத்தினி தபா அச்சடிச்சிக்கீறானுங்க!"

"அவன்தான் காசு போட்டிருப்பான், தள்ளுக்கா."

வண்ணங்கள் எண்ணெய்க் கறை மேசையில் மிதந்தன. கூரைத் துளையிலிருந்து விழுந்த வெயிலில் தூசி மெல்ல ஏறி இறங்கியது. சுதாவின் கைகள் தம்பாட்டுக்கு ஓடின.

கடைசி உறையில் துறைமுகம் வந்தது. புகை, கப்பல், நடுவில் ஹீரோ. இடது ஓரத்தில் ஒரு பெட்டியின் மூலையும் அதைப் பிடித்திருந்த விரல்களும் மட்டும். ஆள் இல்லை. படம் அங்கேயே முடிந்துவிட்டது.

சுதா அட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள், அதற்குப் பின்னால் அவன் நிற்பது போல.

ஜமீலா வாங்கிப் பார்த்தாள். "பெரிய தாள்ல அடிச்சி அப்பால வெட்றதுதானே? ஓரத்துல கொஞ்சம் மிச்சம் அடிச்சிருப்பான். பிளேடு தள்ளி உழுந்திருந்தா ஆளு உள்ள வந்திருப்பாரு." சட்டென்று சுதாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, நடுவுல ஒண்ண தூக்கிப் போட்டியே, இன்னா அது?"

"எது?"

"இடது கையால போட்டியே."

சுதாவுக்குச் சுருக்கென்றது. ஓர் அட்டை முதுகில் கட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அளவு தள்ளிய பீஸைத் திருப்பிப் பார்ப்பது அவள் வேலையில் கிடையாது. கண் சொல்வதற்கு முன்பே கை அதைக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிடும். வருஷக்கணக்கில் பழகிய கை. அட்டையையும் அப்படியே போட்டிருக்கிறது.

தொட்டி காலியாக இருந்தது.

இருவரும் ஓடினார்கள். கொட்டகைக்குப் பின்னால் பக்தவத்சலம் தொட்டிக் கழிவை அள்ளிப்போட்ட ஸ்கிராப் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சுதா வண்டியை மறித்துக் கையை உள்ளே விட்டாள்.

"எம்மா, கை அறுத்துக்கும்! இன்னா தேடறே, தங்கமா?"

"எம் புருசன, அண்ணாத்தே."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? மேலாக்க வெச்சிருப்பேனே," என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் வண்டியைச் சாய்த்துக் கொட்டினார்.

தகட்டுச் சுருள்களுக்கு அடியில் அட்டை கிடந்தது. பிரஸ் எண்ணெய் ஊறியிருந்தது. அதே துறைமுகம். ஆனால் படம் வலப்பக்கம் தள்ளியிருந்தது. எண்ணெய் பட்டதில் புகை பளபளவென்று உயிரோடு அசைவது போலிருந்தது. இடது ஓரத்தில் நகம் அகலத்துக்குக் கூடுதலாக ஒரு கீற்று. அந்தக் கீற்றில் ஆனந்தன். உளுந்தளவு முகம்.

சுதா வெயிலுக்குப் போய்ப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாதிக் கண் மூடியிருந்தது. ஐஸும் மீனுமாக நிஜப் பெட்டியைத் தோளுக்கு ஏற்றுகிறவனின் முகம்.

"சிரிப்பு இல்லக்கா."

ஜமீலா தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பொய் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.

சிலிண்டரை மாடிக்கு ஏற்றும்போது இந்த முகம்தான். பீரோவை நகர்த்தும்போதும், காய்ச்சலில் கிடந்தவளைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோதும் இதே முகம். அப்போது அவன் மூச்சில் மீன் வாடை அடித்தது. இப்போதும் அடித்தது. அவள் அட்டையைத் துடைக்கவில்லை, எண்ணெயோடு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை, வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு. எதிர் மேசையிலிருந்து ஜமீலா வாயசைத்தாள்: இன்னா பண்றாரு?

சுதா ஒரு தகட்டை எடுத்து ஓரம் பார்த்தபடியே வாயசைத்தாள்: தூக்கிகினு கீறாரு.