நிலாவில் நட்ட கம்பம்

நிலாவில் கம்பம் நிற்கிறது என்று ஊரே சொல்லிக்கொண்டு திரிந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. நின்றால் நிற்கட்டும், எனக்கென்ன? சரக்குக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கூலி வாங்குகிறவளுக்கு நிலாவில் கம்பம் நின்றால் என்ன, கழுதை நின்றால் என்ன? அந்தக் கம்பம் ஒருநாள் என் புருஷனைப் பிடித்து உள்ளே தள்ளும் என்று யார் கண்டது? தெரிந்திருந்தால் அன்றைக்கே மாடிக்கு ஏறி அந்தத் தூரக்கண்ணாடியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

கண்ணாடி தாணுலிங்கம் முதலாளியுடையது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் ஆறு மைல் தள்ளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும். தோணிகள் போய்த்தான் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளிக்கு மூன்று தோணி. முத்துக்குளிப்பு நின்றுபோன காலத்தில் தன் ஊருக்குத் திரும்பக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரனிடம் அந்தப் பித்தளைக் கண்ணாடியை வாங்கி, கிட்டங்கி மொட்டைமாடியில் முக்காலி போட்டு நிறுத்தியிருந்தார். தோணி வருகிறதா என்று பார்ப்பதற்காம். கீழே நாங்கள் கதையளக்கிறோமா என்று பார்ப்பதற்கும்தான்.

சண்டைக் காலம் அது. ஜெர்மன்காரன் அறுபது மைல் உயரம் போகிற வாணம் விட்டிருக்கிறான் என்று பேப்பரில் வந்தது. டீக்கடையிலிருந்து கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வாணம் நிலாவைத் தொட்டுவிட்டது. அந்த மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் முதலாளி கண்ணாடியை நிலாவுக்குத் திருப்பினார். அதில் கம்பம் தெரிந்தது. உச்சியில் கொடி மடங்கித் தொங்குவதுபோல ஒரு வளைவும் இருந்தது. ஜெர்மன்காரன் நட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? பெரிய மனிதர்களாகப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். கோயில் தர்மகர்த்தா பார்த்தார், சப்இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை பார்த்தார். பள்ளிக்கூடத்து ஹில்டா டீச்சர் பார்த்துவிட்டுப் போய்க் கரும்பலகையில் நிலாவை வரைந்து, அதன் நடுவில் கம்பத்தையும் வரைந்தாள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் கம்பம் தெரிந்தது, அதுதான் கொடுமை. பார்த்துவிட்டு இறங்கியவர்கள் எல்லாம் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி நடந்தார்கள்.

என் புருஷன் மாசானம் முதலாளியின் தோணியில் மூட்டை தூக்குகிறவர். ஆற்றங்கரை வயல்காட்டு ஆள். கல்யாணத்துக்குப் பிறகு பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு வந்தவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சரக்கு இறக்கும்போது பத்துப் பேர் நடுவில் கேட்டிருக்கிறார்: "ஓட்டப்பிடாரத்துப் பனைமரம் இங்கனயிருந்து தெரியல. நிலாவுல நட்ட கம்பம் மட்டும் தெரியுதாக்கும்?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். முதலாளி பின்னால் நின்றிருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி மாசானம் என்னிடமும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் சொல்லாத முதலாளியைப்போல ஆபத்தான ஆள் கிடையாது.

மாசி மாதத்துப் பௌர்ணமியன்று ரேஷன் அரிசிக் கப்பல் வந்தது. நிலா கடலிலிருந்து எழும்புகிற நேரத்தில் கடைசித் தோணி கரைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டு மூட்டை குறைந்தது. ஒரு படி அரிசிக்கு விடிய விடிய வரிசையில் நிற்கிற காலம். சர்க்கார் அரிசியில் கை வைத்தவனுக்கு மாசக்கணக்கில் ஜெயில். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, நடுக்கடலில் ஒருவன் மூட்டையைக் கட்டுமரத்தில் இறக்கியதைக் கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னார். அந்த ஒருவன் மாசானம் என்றார்.

அவ்வளவுதான். கூட இருந்தவர்கள் அப்படி நடக்கவேயில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். தோணியை ஓட்டி வந்த தண்டல் சொரிமுத்துவும் சொன்னார். கூட்டுக்களவாணி என்று உங்களையும் சேர்த்துவிடட்டுமா என்று முதலாளி கேட்டார். பிறகு யாரும் பேசவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மனசு ஆறவுமில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பிக்கு உள்ளே மாசானம் குந்தியிருந்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளத்துரை கெட்ட மனிதர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். என்னை நிற்கவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

"நிலாவுல நிக்கிற கம்பமே அந்தக் கண்ணாடியில தெரியுது. நானே பார்த்திருக்கேன். ஆறு மைலுக்குள்ள நிக்கிற உன் புருஷன் மூஞ்சி தெரியாமலா போயிரும்?"

என் புருஷன் களவாணி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? நிலா வரைக்கும் போய்விட்டு வந்த சாட்சியை என்ன சொல்லி மறிப்பது? வழி நெடுக அந்தக் கேள்வியை மென்றுகொண்டே வந்தேன். வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். புருஷன் லாக்கப்பில் இருக்கும்போது சாக்குத் தைக்க வந்திருக்கிறாளே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர்களா எனக்குச் சோறு போடப்போகிறார்கள்? கொஞ்ச நேரத்தில் வெள்ளத்துரை வந்தார். முதலாளி எங்கே நின்று பார்த்தார் என்று எழுதிக்கொண்டு போக வந்தாராம். இருவரும் மாடிக்கு ஏறினார்கள். மேலேயிருந்து முதலாளியின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. கையில் கோணி ஊசியோடு படியேறினேன்.

எங்கே ஏறி வருகிறாய் என்று முதலாளி அதட்டினார். அந்தக் கம்பத்தை நானும் பார்க்க வேண்டும் என்றேன். என் புருஷனைக் காட்டிக்கொடுத்த கண்ணாடி எனக்கு என்னத்தைக் காட்டுகிறது என்று பார்க்கிறேன் என்றேன். வெள்ளத்துரை என் கையிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே, பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். முதலாளிக்கு அது இன்னும் சந்தோஷமாகப் போய்விட்டது.

"பாரு ஏளா, நல்லாப் பாரு. ஓட்டப்பிடாரத்துப் பனை தெரியலன்னு கேட்டானே உன் புருஷன். கம்பம் இருக்கா இல்லையான்னு நீயே சொல்லு."

மேற்கே ஊருக்கு மேல் தேய்பிறை நிலா வெளுத்துப்போய் நின்றது. முதலாளியே கண்ணாடியை அதற்குத் திருப்பி வைத்தார். நான் ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்தேன். நிலா வட்டிலைப்போலப் பெரிதாக வந்து நின்றது. மேலெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி கொப்புளம். நடுவில், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கறுப்பாக, நேராக, உச்சியில் ஒரு வளைவோடு கம்பம் நின்றது.

இல்லை என்று சொல்லத்தானே ஏறி வந்தேன். இருக்கிறதே. அப்படியானால் இந்த ஆள் பார்த்தது எல்லாம் நிஜமா? ஒரு நிமிஷம், அந்த ஒரே ஒரு நிமிஷம், மாசானம் மூட்டையை இறக்குவதும் என் கண்ணில் தெரிந்தது. அதற்காக முதலாளியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பின்னால் முதலாளி மறுபடி சிரித்தார். ஆத்திரத்தில் குழலை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் அது ஆடியது.

குழல் ஆடியதும் நிலா ஓரமாக நழுவிப் போனது. கம்பம் போகவில்லை.

குழலை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நிலா மறைந்தே போய்விட்டது. கம்பம் மட்டும் வெறும் வானத்தில் நின்றது. குழலைத் தாழ்த்தினேன். பனைமரத்தின்மேல் கம்பம் நின்றது. உப்பளத்துப் பக்கம் திருப்பினேன். வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்பு அம்பாரத்தின்மேல் அதே கம்பம், அதே வளைவு. மாதா கோயில் கோபுரத்திலும் நின்றது. ஜெர்மன்காரன் தூத்துக்குடி முழுக்க நட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நான் விலகி நின்றேன். கத்தவில்லை, கத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

"அய்யா, உப்பு அம்பாரத்துல கம்பம் நிக்குது. வந்து பாருங்க."

வெள்ளத்துரை குனிந்து பார்த்தார். உப்பைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், மறுபடி நிலாவைப் பார்த்தார். பிறகு கண் வைக்கிற பக்கத்து மூடியைக் கையால் மெல்லத் திருகினார். திருகத் திருக, கம்பம் சாய்ந்து சாய்ந்து படுத்துக்கொண்டதாம். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் உள்கண்ணாடியில் நுனி வளைந்த ஒரு கீறல். நகநுனி அளவுகூட இல்லை. அதைத்தான் மூன்று மாதமாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வாய் சாகவில்லை. கம்பம் இல்லாவிட்டால் போகிறது, ஆளைப் பார்த்தது பார்த்ததுதான் என்றார். வெள்ளத்துரை மூடியை மாட்டிக் கண்ணாடியைக் கடலுக்குத் திருப்பினார். கப்பலை ஒட்டி ஒரு தோணி கிடந்தது. அதில் பின்பக்கம் நிற்பது யார் என்று கேட்டார். முதலாளி குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"நம்ம சொரிமுத்துத் தண்டல்தான். அவன் நிக்கிற தோரணை எனக்குத் தெரியாதா?"

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துச் சொரிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே என்ன என்று கேட்டார். தோணியில் போகவேண்டியவர், உடம்பு சரியில்லை என்று அன்று நின்றுவிட்டவர்.

முதலாளி யாரை எங்கே எதிர்பார்த்தாரோ அவரை அங்கே பார்த்திருக்கிறார். யார்மேல் கடுப்போ அவரைக் களவாணியாகப் பார்த்திருக்கிறார். இதற்கு எதற்கு ஒரு கண்ணாடி? வெறும் கண்ணே போதுமே. இதை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். மாசானத்தை அன்றைக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா கம்பம் விஷயம் இந்த மாடியோட இருக்கட்டும். நான் பார்த்தேன்னு பெரிய அதிகாரி வரைக்கும் சொல்லிட்டேன். நீ வாயைத் தொறக்கக் கூடாது."

என் புருஷன் கிழிந்த உதட்டோடு கம்பிக்குள் கிடக்கிறார், இவருக்கு மானம்தான் பெரிதாகப் போய்விட்டது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு என் புருஷன் வேண்டும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

மத்தியானம் மாசானம் வீட்டுக்கு வந்தார். வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்தேன். முதுகில் வரிவரியாகக் கிடந்தது. சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வரவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. ராத்திரிச் சோறு உண்டு முடித்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நிலா எழுந்தது. தெருப் பிள்ளைகள் வழக்கம்போலக் கம்பத்தைக் கைகாட்டிக் கத்தின. மாசானமும் அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏளா, கம்பம் இருக்கு. வெறுங்கண்ணுக்கே தெரியுது."

நான் அவர் தோளைப் பிடித்தேன். ஓட்டப்பிடாரத்துப் பனை இங்கிருந்து தெரிகிறதா என்று அவர் கேட்டதையே அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"முதலாளி பார்த்தேன்னு சொல்லுதாரு. ஏட்டு அடிச்சு அடிச்சுக் கேக்காரு. நான்தான் எடுத்து மறந்துட்டனோன்னு நேத்து எனக்கே தோணிச்சு."

நான் தெருவில் இறங்கினேன். சப்இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த வாக்கு அந்த வாசலிலேயே செத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கண்ணாடி நாளைக்கு இன்னொருவனைப் பிடிக்கும். ஏன், இவரையே மறுபடியும் பிடிக்கும். ஊருக்கே தெரிந்துவிட்டால் எந்த முகத்தோடு அதைச் சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? முதலில் ஹில்டா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நாளைக்குக் கரும்பலகையில் அந்தக் கம்பத்தை அழித்துவிடுங்கள், அது கண்ணாடியில் விழுந்த கீறல் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உப்பு அம்பாரத்தில் நின்றதைச் சொன்னேன், மாதா கோயில் கோபுரத்தில் நின்றதைச் சொன்னேன். கப்பல்பக்கம் நின்ற சொரிமுத்து முற்றத்துக் குழாயில் முகம் கழுவியதையும் சொன்னேன்.

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு இரண்டு பேர். அப்புறம் தெருவே சிரித்தது. பனைமரத்துக் கேள்வியை மாசானம் அன்றைக்கே கேட்டானே என்று ஒருவர் நினைவுபடுத்த, மறுபடி சிரித்தார்கள். நாளைக்கு விடிவதற்குள் கிட்டங்கி வரைக்கும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் கத்தினேன்.

திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தேன். மாசானம் இன்னும் அண்ணாந்து நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.