ஏழாவது ஸ்காலர்ஷிப்

அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடியில், குளிர்காலத்தில் உறைந்துகிடந்த ஏரியை ஒட்டி இருந்தது அந்தக் கல்லூரி. அதன் பெண்கள் ஓட்ட அணியில் சேரும் ஆசையோடு பதினேழு வயது ப்ரின், அப்பா ஓரினுடன் காரில் வந்து இறங்கினாள். ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் இங்கே படிக்க வழியில்லை. அதனால் கை குலுக்கிய சூட்டோடு கோச் க்ரோக்கிடம் கேட்டுவிட்டாள்.

"உங்க டீம்ல மொத்தம் எத்தனை ஸ்காலர்ஷிப்?"

"ஏழு. ஆனா ஆறுதான் குடுக்கறோம். ஆறும் முடிஞ்சுபோச்சு."

"அப்ப ஏழாவது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மொதல்ல பொண்ணுங்களோட ஓடிட்டு வா. அப்புறம் பேசலாம்."

ஷூ மாட்டும்போது கேப்டன் டாம்சினிடமும் விசாரித்தாள். டாம்சினின் கை நாடாவிலேயே நின்றுவிட்டது.

"அது முன்னாடி எங்க டீம்ல ஓடின எல்ஸ்பெத்தோடது. பிராக்டிஸ் நடுவுல ஏரிமேல ஓடிட்டா. ஐஸ் உடைஞ்சுபோச்சு. உடம்பு இன்னும் கெடைக்கல. அப்புறம் ரெண்டு பேருக்கு அதைக் குடுத்துப் பாத்தாங்க. ரெண்டு பேருமே ஏரியப் பாத்து ஓட ஆரம்பிச்சாங்க. இழுத்துப் புடிச்சு வீட்டுக்கு அனுப்பினோம்." குரலைத் தாழ்த்தினாள். "நீ அதக் கேக்காமலே இருந்திருக்கலாம்."

மர நிழல்கள் நீண்டுகிடந்த பாதையில் கிளம்பினார்கள். கரையை நெருங்கியதும் ப்ரினின் இடப்பக்கம் யாரோ வந்து சேர்ந்துகொண்டது போலிருந்தது. சீரான மூச்சு காதோரம் கேட்டது, ஆனால் அதில் சூடில்லை. ப்ரின் வேகம் கூட்டினாள், அதுவும் கூட்டியது. வாழ்நாளில் அவள் அப்படி ஓடியதில்லை. கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது. பாதை வலப்பக்கம் வளைந்தது. அவள் வளையவில்லை.

"ப்ரின்!" டாம்சின் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்ததில் இருவரும் பனியில் உருண்டார்கள். ப்ரினின் ஷூ நுனிக்குக் கீழே ஐஸ் முனகியது.

திரும்பி வந்தபோது கோச் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கரை வரைக்கும் இந்த வேகத்துல இங்க ரொம்ப நாளா யாரும் ஓடல. ஏழாவது உனக்குத்தான். வேணுமா?"

ஓட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருந்த அப்பா முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டப் போனார்.

"வேண்டாம்," என்றாள் ப்ரின். "அப்பா, வண்டிய எடுங்க."

நெடுஞ்சாலை வரும்வரை ஓரின் பொருமிக்கொண்டே வந்தார். "லூசா நீ? தட்டுல வெச்சுக் குடுக்கறாங்க, வேண்டாங்கற! உன் எடது பக்கம் ஒரு பொண்ணு ஓடினாளே, இந்தக் குளுருல ஜாக்கெட்கூட இல்லாம. அவளப் பாத்தாவது புத்தி வர வேண்டாமா?"

ப்ரின் அவரையே பார்த்தாள். பிறகு எல்ஸ்பெத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஓரின் காரை ஓரங்கட்டி நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்; கதவுகளைப் பூட்டிவிட்டு மறுபடி வண்டியைக் கிளப்பினார். அதன்பின் அந்தக் கல்லூரியின் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் ப்ரின் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே ஓட்டத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. மாலையில் உணவகத்தில் வேலை பார்த்தாள். அணியில் எல்லோருக்கும் பின்னால்தான் ஓடுவாள், இடப்பக்கம் யாரும் வராதபடி வேலியை ஒட்டி. தனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதி.