எண்ணாமல் விட்ட பிள்ளை

ஸம்ஸியாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதியவள் நான்தான். ரெண்டு. அது பிழை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

என் பெயர் நிப்லா. சாய்ந்தமருதில் இருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுப்பது என் வேலை. சாதாரணக் கிருமி சில பிள்ளைகளை மட்டும் ஏன் சாகும் அளவுக்குப் போட்டு அடிக்கிறது, அதற்குப் பரம்பரையில் காரணம் இருக்கிறதா என்று கொழும்பில் ஒரு குழு ஆராய்கிறது. நோயாளிப் பிள்ளை, தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள் என்று ஆளுக்கு ஒரு குழாய் இரத்தமும் குடும்ப விபரப் படிவமும் நான் அனுப்ப வேண்டும்.

மருதமுனையில் ஸம்ஸியாவின் கடைசி மகன் பஹ்மிக்கு அப்போது நாலு வயது. பிறந்த அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் காசநோய்த் தடுப்பூசியை அவனுக்கும் போட்டார்கள். மற்றவர்களுக்குச் சின்னத் தழும்போடு போகிற விசயம், இவனுக்குக் கக்கத்தில் கட்டியாகி, எலும்பு வரை இறங்கிவிட்டது. ஊசியில் இருப்பது வலுக்குறைந்த கிருமி. அதைக்கூட எதிர்க்க முடியாத உடம்பு அவனுடையது.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. கிருமி வந்துவிட்டது என்று உடம்பின் காவல் அணுக்களுக்குச் செய்தி போகும். அதை வாங்குகிற மரபணு அவனில் இரண்டு பிரதியும் பழுது. தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள் முறை. ஆளுக்கு ஒரு பழுதைக் கொடுத்திருக்கிறார்கள். மருந்தால் கொஞ்சக் காலம் ஓட்டலாம். பிழைக்க வேண்டுமென்றால் வேறு ஒருவரின் எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற மச்சையை ஏற்ற வேண்டும், முதலில் பார்க்க வேண்டியது கூடப் பிறந்தவர்களை. அக்கா நுஸ்ரத்தின் மச்சை பொருந்தவில்லை.

கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக் குழுவின் டொக்டர் முபீன் ஃபோன் எடுத்துக் கேட்டார். "நிப்லா, வேற சகோதரம் ஒண்டும் இல்லையா?"

"இல்ல டொக்டர்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஃபோனை வைத்த பிறகு என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருந்தது.

ஏனென்றால் பஹ்மிக்கு ஒரு நானா, கூடப் பிறந்த அண்ணன், இருக்கிறான். அஹ்ஸன், பதினைந்து வயது, ஒரே வளவில் சுவருக்கு அங்கால். ஸம்ஸியாவின் மூத்த சகோதரி, ராத்தா நஸீறாவுக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளையில்லை. இரண்டாவதாகப் பிறந்த அஹ்ஸனை ஸம்ஸியா நாற்பதாம் நாள் தூக்கி ராத்தாவின் மடியில் வைத்துவிட்டாள். அவன் நஸீறாவை உம்மா என்பான், பெற்றவளைச் சாச்சி என்பான். ஊரில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைக்க மாட்டார்கள். கொடுத்த பிள்ளையைத் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னால் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. வெளியூர்க்காரி ஒருத்தி வந்திருந்தால் நாலு கேள்வி கூடக் கேட்டிருப்பாள். நான் ஊர்க்காரி, அதனால் மரியாதையாக ஒரு பிள்ளையின் ஐந்து மாதத்தைத் தின்றுவிட்டேன்.

நேரே ஸம்ஸியாவிடம் போனேன். அவள் பஹ்மிக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள்.

"அஹ்ஸன்ட ரத்தம் வேணும்" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. "அவன் ராத்தாட புள்ள."

"இவன் மௌத்தாப் போயிருவான் ஸம்ஸியா. விளங்குதா உங்களுக்கு?"

"விளங்காமலா இருக்கன்? ஒவ்வொரு ராவும் அதத்தான் நினைக்கிறன். எண்டாலும் என்ட வாயால கேக்க மாட்டன். குடுக்கக்குள்ள அல்லாஹ்ட பேரச் சொல்லிக் குடுத்தனான்." அவள் அழுதாள். பஹ்மி வாயைத் திறந்துகொண்டு அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தான்.

அவள் கேட்க மாட்டாள் என்றால் நான்தான் கேட்க வேண்டும். நஸீறா ரீச்சர் எனக்கு ஆறாம் ஆண்டில் கணக்குப் படிப்பித்தவர். கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். விறாந்தையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனையை மூடவில்லை.

"படிவத்தில எத்தின எண்டு எழுதின?"

"ரெண்டு ரீச்சர்."

"தெரிஞ்சுகொண்டேயா எழுதின?"

"ஓம் ரீச்சர்."

திட்டுவார் என்று நினைத்தேன். "என்னக் கேட்டிருந்தாலும் ரெண்டு எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார். பிறகு, "அவனுக்குத் தெரிஞ்சா அங்கால போயிருவானா புள்ள?" என்று கேட்டார். வகுப்பையே நடுங்க வைத்த குரல் அது. எனக்குத் தெரியாது என்றே சொன்னேன்.

அன்று பின்னேரம் மகனிடம் அவரே சொன்னார். நான் அங்கே இருக்கவில்லை. இரண்டு நாள் அவன் இரண்டு வீட்டிலும் சாப்பிடவில்லை, மாமா வீட்டில் போய்க் கிடந்தான் என்று கேள்வி. மூன்றாம் நாள் காலை என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றான். ரீச்சர் பின்னால் ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"எவ்வளவு எடுப்பீங்க?" என்று கையை நீட்டினான்.

"ஒரு குழாய்தான்."

"அது காணுமா அவனுக்கு?"

இது பரிசோதனைக்கு மட்டும், பொருந்தினால் பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சை எடுப்பார்கள், மயக்கித்தான் எடுப்பார்கள், கொஞ்ச நாள் நோகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்தமுறை எதையும் விடவில்லை. தலையை ஆட்டினான்.

முழுப் பொருத்தம். பழுதான பிரதி அவனிலும் ஒன்று இருந்தது, மற்றது நல்லது. அது போதும் என்றார்கள். டொக்டர் முபீன் ஃபோனில் சொன்னபோது நான் ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, போகிற வருகிற சனம் பார்க்கப் பார்க்க அழுதேன்.

கொழும்பு ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஒரே வான் வண்டியில் போனோம். மச்சை எடுக்க முதல்நாள் ஒரு இளம் டொக்டர் தாள்களோடு வந்தார். கையிலிருந்த ஆய்வுகூட அறிக்கையில், நான் திருத்தி அனுப்பிய படிவத்தின்படி, அஹ்ஸனின் தாய் என்று ஸம்ஸியாவின் பெயர்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு வயதுக்குக் குறைவு, அதால அம்மா சம்மதம் தரணும்" என்று தாளையும் பேனையையும் ஸம்ஸியாவிடம் நீட்டினார்.

ஸம்ஸியா வாங்கினாள். பேனை முனை தாளில் பட்டது. நஸீறா ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அஹ்ஸன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக வெளியாள் ஒருவர் எல்லோர் முன்னாலும் அவனை ஸம்ஸியாவின் பிள்ளை என்று சொல்கிறார். அவள் எழுதிவிட்டால் யாரும் பிழை சொல்ல முடியாது.

"டொக்டர், இதில நான் கையெழுத்து வைக்கேலா" என்றாள். "இவன்ட உம்மா அந்தா நிக்கிறாங்க."

டொக்டர் அறிக்கையைத் திரும்பப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க முன், ரீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அஹ்ஸனைப் பள்ளியில் சேர்க்க நீதிமன்றத்தில் எடுத்த பாதுகாவலர் பத்திரம். எங்கே போனாலும் அதை அவர் கையோடு கொண்டுபோவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஸம்ஸியா பேனையை ராத்தாவின் கையில் வைத்தாள். ரீச்சருக்குக் கண்ணீரில் கோடு தெரியவில்லை, எந்த இடம் என்று கேட்டார்.

"இதில உம்மா" என்று அஹ்ஸன் விரலை வைத்துக் காட்டினான்.