பீன்ஸ் திருடனுக்காக ஒரு ஜெபம்

இரண்டாம் நாள் காலையில் மூட்டையை முதுகில் ஏற்றியதுமே ரூபஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேற்று இதே மூட்டை அவரைப் பின்பக்கமாகச் சாய்க்கப் பார்த்தது. இன்று சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்டது. ஒரே ராத்திரியில் மனுஷனுக்குப் பலம் கூடுமா? அதுவும் எழுபத்திரண்டு வயதில்? பாஸ்டரைக் கேட்டால் கர்த்தர் பெலன் தந்தார் என்பார். அதனால் ரூபஸ் பாஸ்டரைக் கேட்கவில்லை.

அவருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மற்றவர்கள் எல்லாம் வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகிற காய்ந்த பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்கள். "அத எவன் காய வச்சான், எங்க வச்சுக் காய வச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, ரூபஸ் ஆறு பீன்ஸ் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தகர டப்பா. ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

மொத்தம் நாலு பேர். அமெரிக்காவில், வயோமிங்கில் ஒரு சின்ன ஊரில் நால்வருக்கும் ஒரே சபை. மாட்டு லாரி ஓட்டி ஓய்ந்த ரூபஸ். சபை மூப்பர் ஆல்டன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நோரீன். போன மாதம்தான் நாற்பது வயது முடிந்த பாஸ்டர் எமரி. வருஷா வருஷம் ஆகஸ்டில் விண்ட் ரிவர் மலையில் நாலு நாள் நடப்பார்கள். நடப்பது, ஜெபிப்பது, கொசுக்கடியில் தூங்குவது, இவ்வளவுதான்.

போன வருஷம் கணவாய் ஏறும்போது ரூபஸின் முழங்கால் மடங்கிவிட்டது. மற்ற மூவரும் அவர் மூட்டையைப் பிரித்துச் சுமந்து அவரைக் கரைசேர்த்தார்கள். அதற்காக ரூபஸ் இன்னும் அவர்களை மன்னிக்கவில்லை. இந்த வருஷம் கிளம்பும் முன்பே ஆல்டன் சபை வாசலில் வைத்துச் சட்டம் போட்டுவிட்டார்.

"இங்க பாரும் ரூபஸ், கணவாய உம்ம மூட்டையோட நீரே தாண்டணும். முடியலன்னா அங்கேயே திரும்பிடணும், நானே கூட்டிட்டு வந்துருவேன். அடுத்த வருஷம் வர்றேன்னு கேட்கவே கூடாது."

"நான் தாண்டுவேன். நீரு உம்ம தொப்பைய எப்படித் தாண்டப் போறீருன்னு பாரும்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் ரூபஸுக்கு உள்ளுக்குள் உதறல்தான். மனைவி ஓப்பல் செத்து ஆறு வருஷமாகிறது. வருஷத்தில் இந்த நாலு நாள்தான் அவர் இன்னொரு மனுஷ முகத்தைப் பார்த்துக்கொண்டு காலைச் சாப்பாடு சாப்பிடுவது. மற்ற நாளெல்லாம் ரேடியோதான் எதிரே உட்கார்ந்திருக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்.

சுனைக்கரையில் முதல் ஓய்வு. ரூபஸ் தன் சாப்பாட்டுப் பீப்பாயை வெளியே எடுத்தார். அந்த மலையில் ஆளுக்கொரு பீப்பாய் உண்டு. கரடியால் திறக்க முடியாது. மூடியில் ஒரு காசைச் செருகித் திருப்பினால் மனுஷனுக்குத் திறக்கும். ராத்திரி கூடாரத்தைவிட்டுத் தள்ளி ஒரு பாறையடியில் நாலையும் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். ரூபஸ் திறந்து பார்த்தார். முதல் நாள் வீட்டு ரொட்டியிலேயே ஓட்டியதால் ஆறும் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் இரண்டு டப்பாதான் இருந்தது.

"என் டப்பா நாலக் காணோம்."

"கரடி எடுத்திருக்கும் அண்ணே," என்றாள் நோரீன், ஷூவுக்குள்ளிருந்து கல்லைத் தட்டிக்கொண்டே.

"கரடி காசு போட்டுத் திறந்து, நாலு எடுத்துக்கிட்டு, ரெண்ட மிச்சம் வச்சு, திரும்பப் பூட்டிட்டும் போச்சாக்கும்?"

"நல்லா வளர்த்த கரடியா இருக்கும்."

ரூபஸ் ஒவ்வொருவராகப் பார்த்தார். இதுதான் விசுவாசிகள் கூட்டமா என்று கேட்டது அவர் பார்வை. நோரீன் சிரித்தாள். ஆல்டன் தூரத்து மலையில் எதையோ தேடினார். அங்கே மலையைத் தவிர ஒன்றுமில்லை.

கிளம்பும் முன் பாஸ்டர் எமரி வழக்கம்போலக் கேட்டார்: "யாருக்காச்சும் ஜெப விண்ணப்பம் உண்டா?"

எப்போதும் ரூபஸ் "மழ வராம இருந்தாச் சரி" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். ஒருமுறை சபையில் மூலத்துக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு, அந்த வாரமே மாட்டு வைத்தியர் நடுத்தெருவில் நிறுத்தி "இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்ததை அவர் மறக்கவில்லை.

ஆனால் இன்று, "உண்டு," என்றார்.

பாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சொல்லுங்கய்யா, சொல்லுங்க."

"நம்ம கூட்டத்துல ஒரு திருடன் இருக்கான். அவனுக்காக ஜெபம் பண்ணுங்க. சத்தமாப் பண்ணுங்க, அவன் காதுல விழணும்."

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, எங்கள்ல யாரோ ஒருத்தர் பீன்ஸ எடுத்துட்டாங்க. அவங்க மனச உணர்த்தும். நாலு டப்பாவையும் ஒரே நேரத்துல தின்னுருந்தா அவங்க வயித்தையும் காத்தருளும். அவங்க கூடாரத்துல படுக்கிறவங்களையும் காத்தருளும்."

ரூபஸ் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். நோரீனின் தோள் குலுங்கியது. ஆல்டனின் ஆமென் மட்டும் இருமலோடு வந்தது.

கணவாய்க்கு ஏற்றம் தொடங்கியது. பாதையெங்கும் உருளுகிற கல். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் பாஸ்டரும் நோரீனும் முன்னால் விறுவிறுவென்று ஏறிவிட்டார்கள். ரூபஸ் தடியை ஊன்றி ஊன்றி ஏறினார். முழங்கால் முணுமுணுத்தது, ஆனால் மடங்கவில்லை. ஒரு வளைவில் ஆல்டனையே தாண்டிவிட்டார்! தாண்டியவர் நின்று திரும்பிப் பார்த்தார். மூப்பர் ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன மூப்பரே, சட்டம் போட்ட ஆளு சட்டுன்னு உட்கார்ந்துட்டீரு? நான் வேணா உம்மக் கூட்டிட்டுத் திரும்பட்டுமா?"

"போம்... போய்க்கிட்டே இரும்."

"மூச்சு வாங்குறதப் பார்த்தா ஆளு தேற மாட்டீரு போல. இங்க குடும், கொஞ்சம் சாமானை நான் எடுத்துக்குறேன்."

"வேண்டாம்! தொடாதேயும்!"

தொடாதே என்று சொன்னால் தொட்டுப் பார்க்கிற ஆள்தான் ரூபஸ். ஆல்டனின் மூட்டை வாயைத் திறந்தார். மழைச்சட்டைக்கு அடியில், கம்பளிச் சாக்ஸில் சுற்றி, கைக்குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன நாலு பீன்ஸ் டப்பாக்கள்.

ரூபஸ் ஒரு டப்பாவைச் சாக்ஸிலிருந்து உருவி எடுத்தார்.

"மூப்பரே," என்றார் ரூபஸ். "நீரு திருடனா, இல்ல புத்தி பிசகின கோட்டியா?"

"நீரு வரமாட்டீருன்னு நினைச்சுத்தான் சட்டம் போட்டேன். நீரு பாட்டுக்கு ஆறு டப்பாவோட வந்து நிக்கிறீரு. இந்தக் கனத்தோட நீரு ஏற மாட்டீரு. சொன்ன வார்த்தைய நான் வாபஸ் வாங்கவா முடியும்?"

"அதனால களவாண்டீராக்கும்."

"பாரத்தப் பகிர்ந்துக்கச் சொல்லி வேதத்துல இருக்குல்ல."

"மூணு வசனம் தள்ளி அவனவன் மூட்டைய அவனவன் தூக்கணும்னும்தான் எழுதியிருக்கு. நீரு உமக்கு வேண்டியத மட்டும் படிப்பீரு."

"உம்மக் கூட்டிட்டு ரெண்டு நாள் தனியாத் திரும்பி நடக்கணும்னு நினைச்சுப் பாத்தேன். உம்ம வாயக் கேட்டுக்கிட்டே. அதுக்கு பீன்ஸே மேல்." ஆல்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உம்ம விட்டா எனக்குச் சண்ட போட யாரு இருக்கா?"

ரூபஸ் தன் மூட்டையை இறக்கினார். நாலு டப்பாக்களையும் அதில் அள்ளிப் போட்டார். தூக்கினார். இரண்டு எட்டு வைத்தார். முழங்கால் போன வருஷம் மாதிரியே உள்பக்கமாக வழுக்கியது. தடியைப் பிடித்து நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மூட்டையோடு அவர் கணவாய் ஏறப்போவதில்லை. ஆல்டனாலும் முடியாது. தூர எறியலாம் என்றால் மலையில் குப்பை போடக்கூடாது என்று நோரீன் கழுத்தைப் பிடிப்பாள்.

"ஒரு வழிதான் இருக்கு," என்றார் ரூபஸ். கத்தியை எடுத்தார்.

ஆல்டன் பயந்துவிட்டார். பிறகுதான் கத்தி டப்பாவுக்கு என்று புரிந்தது. இரண்டு கிழவர்களும் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து, பச்சைத் தண்ணீராகச் சில்லிட்ட பீன்ஸை வழித்துத் தின்றார்கள். மேலே இடி உருண்டது.

"உப்பு பத்தல," என்றார் ஆல்டன்.

"திருட்டுச் சாமானுக்கு உப்பு வேற வேணுமா?"

திருட்டுப்போன நாலில் மிச்சமிருந்த இரண்டில் ஆளுக்கு ஒன்று. அப்படித்தான் ஏறினார்கள்.

கணவாய் உச்சியில் பாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காத்திருந்தார். "ரூபஸ் அய்யா! மூட்டையோட ஏறி வந்துட்டீங்களே! ஸ்தோத்திரம்!" நோரீன் விசிலடித்தாள். ஆல்டன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டிக்கொடுக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்த ஆகஸ்டும் உண்டு. வீட்டுச் சமையலறை மேஜையும் ரேடியோவும் ரூபஸின் கண்ணுக்குள் வந்து போயின. ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவனைத் திருடன் என்று பார்த்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் எப்படி விழுங்குவது?

"நான் தூக்கல," என்றார். "என் டப்பாக்கள இவருதான் காலையிலருந்து தூக்கினாரு. சட்டப்படி நான் திரும்பணும்."

நோரீன் பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஆல்டனும்தானே பாதியில உட்கார்ந்தாரு? மேலருந்து பார்த்தேனே. அப்ப ரெண்டு பேரும் திரும்பணும். அடுப்பு ஆல்டன்கிட்ட இருக்கு. தண்ணி வடிகட்டி உங்ககிட்ட இருக்கு. நீங்க போயிட்டா நானும் பாஸ்டரும் காஞ்ச பொட்டலத்த மென்னுக்கிட்டு மாடு குடிச்ச தண்ணியக் குடிக்கணுமா?"

"கூடாரக் கம்பு நோரீன்கிட்ட, துணி என்கிட்ட," என்றார் பாஸ்டர், அப்போதுதான் கணக்குப் புரிந்தவர் போல. "யாரையும் திருப்பி அனுப்ப முடியாது போலிருக்கே, மூப்பரே."

ஆல்டன் ஷூவிலிருந்து கண்ணை எடுத்தார். "சட்டத்த நான் சரியா யோசிச்சுப் போடல."

"நீரு எதத்தான் யோசிச்சுப் போட்டீரு," என்றார் ரூபஸ். ஆனால் குரல் வழக்கம்போலக் கடிக்கவில்லை.

மழைக்கு முன் இறங்க வேண்டும். அந்தப் பக்கம் இறக்கம் செங்குத்து. ரூபஸ் எட்டிப் பார்த்தார்.

"பாஸ்டரே. ஒரு விண்ணப்பம்."

"சொல்லுங்கய்யா."

"இறக்கத்துல என் முட்டி நிக்காது. யாராச்சும் எதையாச்சும் எடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஜோடிக் கைகள் அவர் மூட்டைக்குள் நுழைந்துவிட்டன.

"ஏய், ஏய்! என்ன எடுக்குறீங்கன்னு சொல்லிட்டு எடுங்க!" என்று கத்தினார் ரூபஸ். அன்று இறக்கம் முழுவதும் அவர் கடைசி ஆளாகத்தான் நடந்தார். மூன்று பேரையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு.