இரண்டு விரல் நிழல்

எங்கள் கடையில் சட்டம் போட நர்ஸம்மா கொடுத்திருந்த படம் சட்டத்துக்குள் இறங்க மறுத்தது. இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் இடித்தது. நூற்றைம்பது வருடத்துக் கல்லச்சுப் படம், கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்தது. தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், ஊசி பாதியில் நிற்க, தலை நிமிர்ந்து பார்க்கிறாள். இடது ஓரத்தில் தரையோடு ஒரு கருமை. ஈரம் ஏறிய கறை என்று நினைத்தேன். வேறு சட்டம் அடிக்க ஒரு நாள் ஆகும். அவரோ மறுநாள் காலையே வருவதாகச் சொல்லியிருந்தார். உங்களிடம் மறைப்பானேன் கண்ணுகளா, கத்தியை வைத்து இழுத்துவிட்டேன்.

கீழே விழுந்த துண்டை நாத்தனார் எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க கறை தொப்பி போட்டிருக்கு."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பொடிப் பொடியாய்ப் புள்ளிகள், நடுவே சாய்ந்த கோடுகள். தொப்பி, தோள். வாசலில் நிற்கும் ஆளை வரையாமல் அவன் நிழலை மட்டும் தரையில் விழவிட்டிருக்கிறான் அந்தக் கெட்டிக்காரன். நிழல் இருந்தவரை யாரோ வந்திருந்தார்கள். இப்போது படத்துப் பெண் சும்மா வெறித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சின்ன வயதில் அவரும் தம்பியும் இந்தப் படத்தின் கீழே படுத்துக்கொண்டு, வந்திருப்பது யார் என்று அம்மாவைக் கேட்பார்களாம். ஒருநாள் அப்பா என்பாராம், ஒருநாள் தபால்காரர். பிள்ளைகள் படுத்தினால் போலீஸ்காரர்.

"இங்க ஒரு ஆளோட நிழல் இருந்துச்சேம்மா?"

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. கறைதான் இருந்துச்சு, எடுத்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார்.

"அப்போ எனக்குத்தான் புத்தி தடுமாறுது போல. நேத்து மாத்திரையக்கூட ரெண்டு தடவ போட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதம்மா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். நாத்தனார் ஆணி அடிப்பதை நிறுத்தவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "அவங்க புத்தி நல்லாத்தான் இருக்கு அண்ணி."

மூன்றாம் நாள் காலை, அந்தத் துண்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. படம் சுவரில் ஏறியிருந்தது. அதன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். வாசல் படிக்குக் கீழேயே நின்றேன். வெயில் என் முதுகில் அடித்தது. எனக்கு முன்னால் என் நிழல் படியேறி, தரையில் நீண்டு, அவர் காலடியில் போய் விழுந்தது.

பேனா பாதியில் நின்றது. அவர் தலை நிமிர்ந்தார்.