ஒளிராத கலங்கள்

ஜெயகௌரி கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தப் புற்றுநோய்க் கலங்களுக்கு, அதாவது உயிரணுக்களுக்கு, சாயமேற்றிப் பார்ப்பவள். சாயத்தை உள்ளே வைத்திருக்கும் கலம் பச்சையாக ஒளிரும். சாயத்தை வெளியே தள்ளும் கலம் ஒளிராது. அது மருந்தையும் அப்படியே தள்ளிவிடும்.

ஓலைத்தொடுவாய் என்ற ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்த அந்தோனியம்மாவின் கலங்கள் ஒளிரவேயில்லை. சாயம் பழுதாகியிருக்கும் என்று நினைத்த ஜெயகௌரி, வைத்தியரிடம் சொல்லாமல் புதுச் சாயத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தாள். அதிலும் அவை ஒளிரவில்லை. அதற்குள் அதே மருந்தை இன்னொரு முறை ஏற்றி, அந்தோனியம்மா வாந்தியெடுத்துக் களைத்திருந்தார்.

பிறகு மருந்தை மாற்றினார்கள். ஜெயகௌரிக்குத்தான் மனம் ஆறவில்லை. பஸ் ஏறி ஓலைத்தொடுவாய்க்குப் போய், கதிரையில் சோர்ந்திருந்த அந்தோனியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் அவ்வளவு சத்தியெடுத்தது சும்மாவோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. நான் முதலே சொல்லியிருக்க வேணும்."

அந்தோனியம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கோவம் வருது. இப்ப மன்னிப்புக் கேளாதை," என்றார். பிறகு, "புது மருந்து கேக்குதோ எண்டும் நீதானே பாக்கப்போறாய்?"

"ஓம்."

"நல்லதோ கெட்டதோ, கண்ட அண்டைக்கே சொல்லிப்போடு."

"அண்டைக்கே சொல்லுறன், அக்கா," என்றாள் ஜெயகௌரி.