மூப்பருக்குப் போன முதல் போன்

"போலீஸுக்கு முன்னாடி யாருக்கும்மா போன் பண்ணினே?"

அரசு வக்கீல் அன்று ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார். ஒலீட்டாவுக்கு அப்போது பதினைந்து வயது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கக்கூட அண்ணனைப் பிடித்துத் தள்ளிவிடும் பெண். கூண்டில் நின்று, தன் செருப்பைப் பார்த்தபடி, "மூப்பர் பர்விஸுக்கு" என்றாள். சர்ச் மூப்பருக்கு ஏன் என்று அவர் கேட்கவில்லை. அண்ணன் தரப்பு வக்கீலும் எழுந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாய் திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அரசு வக்கீல், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஆறு ஜூரர்களின் பக்கம் திரும்பினார். "ஒரு மனிதர் ரத்தம் கொட்டக் கிடக்கிறார். இவர்கள் சபைக்காரரைக் கூப்பிட்டு, போலீஸுக்குச் சொல்லாமல் ஒன்பது நிமிஷம் கதை ஜோடித்திருக்கிறார்கள்" என்றார். ஆறு வெள்ளை முகங்களும் ஒன்றுபோல அசைந்தன. அண்ணன் லியாண்டருக்கு இருபத்தைந்து வருஷம் போட்டார்கள்.

அதே மாதம், அதே கட்டடத்தில், கார் நிறுத்துமிடத்தில் லியாண்டரைப் போன்ற ஒரு கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்ற வெள்ளைக்காரக் கடைக்காரர், "பயந்துட்டேன்" என்றார். தன் உயிருக்குப் பயப்படுகிறவன் பின்வாங்க வேண்டியதில்லை என்று சட்டம் இருக்கிறதாம். விடுதலையாகி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். லியாண்டர் நின்றது அவன் சொந்த வீட்டு வாசலில்.

இப்போது பதினான்கு வருஷம் கழித்து ஒலீட்டா அதே கட்டடத்துக்குள், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது வக்கீல் பிரூவிட். அண்ணனின் தண்டனையைக் குறைக்கச் சொல்லும் மனு அவளுடையதுதான்.

"ஒலீட்டா, திரும்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க. புது அரசு வக்கீல் நம்ம மனுவை எதிர்க்கல. ஆனா அன்னிக்குச் சுடுபட்ட டில்லரி எழுந்து 'கூடாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா, அந்த வக்கீல் அங்கயே பின்வாங்கிருவார். அவரும் ஓட்டு வாங்கித்தானே அந்தப் பதவிக்கு வரணும், தேர்தல் வருதில்ல."

"அவர் வந்திருக்காரா?"

"முதல் வரிசையில உக்காந்திருக்காரு. கைத்தடியோட."

ஒலீட்டா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் அவளுக்கு எப்போதும் தெரிவது அந்தச் சமையலறைதான். சுவரில் மஞ்சள் போன். அதன் மேல் அப்பாவின் கோணல் எழுத்தில் ஒட்டியிருந்த தாள். முதல் எண் மூப்பர் பர்விஸ். போலீஸ் இரண்டாவது.

அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அவருடைய சித்தப்பா மகன் ஒருமுறை தன் வீட்டில் திருட்டுப் போனதென்று போலீஸைக் கூப்பிட்டான். வந்தவர்கள் அவனையே திருடன் என்று வாசலில் குப்புறத் தள்ளிக் கையை உடைத்தார்கள். அதன் பிறகுதான் அப்பா ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். சனிக்கிழமைதோறும் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு "ஆரம்பி!" என்று கத்துவார். லியாண்டர் ஓடிப்போய் வாசல் விளக்கைப் போடுவான். ஒலீட்டா போனிடம் ஓடுவாள். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லை என்று வருகிற போலீஸுக்குத் தெரியும்படி, உள்ளங்கைகளை மேல்நோக்கி முழங்காலில் வைக்கவேண்டும். நாற்பது விநாடிக்குள் முடித்தால், ரோட்டோரக் கடையில் ஆவி பறக்கும் அவித்த வேர்க்கடலை ஒரு பை.

"போன் ஏன்ப்பா எனக்கு?" என்று ஒருநாள் அழுதாள்.

"நீ மனுஷங்க மூஞ்சியப் பாத்துத்தான் பேசமாட்டே. போன்ல மூஞ்சி தெரியாதில்ல?"

"ஏய் ஊமைக் கோட்டான், மூப்பர் என்ன சொன்னாரு?" என்பான் லியாண்டர்.

"உடனே வர்றேன்னாரு."

"சாப்பிட்டு வர்றாராமா, சாப்பிடாமலா? சாப்பிட்டுன்னா நம்ம கதை கந்தல்டி! அந்த மனுஷன் எலும்பக் கடிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்."

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கடலை நீர் மணிக்கட்டில் வழிய மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்து தின்பார்கள். அதற்கு மேல் ஒரு சந்தோஷத்தை ஒலீட்டா பிறகு பார்க்கவில்லை.

அப்பா இறந்துபோய் இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிறு பொழுது சாயும் நேரம். அம்மா ஆஸ்பத்திரிச் சலவையறையில் இருந்தாள். லியாண்டர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் பங்கில் லியாண்டர் தன் லாரிக்கு வழிவிடவில்லை என்று கறுவிக்கொண்டு, இரும்புக் கம்பியோடு டில்லரி படியேறி வந்தான். வலைக்கதவைப் பிய்த்தெறிந்தான். முதல் அடி லியாண்டரின் தோளில் விழுந்தது. இரண்டாவது ஓங்கியபோது, கதவோரம் மாட்டியிருந்த அப்பாவின் துப்பாக்கி லியாண்டர் கையில் வெடித்தது. டில்லரி தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

"விளக்கு!" என்றான் லியாண்டர். அவ்வளவுதான். ஒலீட்டாவின் கால்கள் தாமாகவே போனிடம் ஓடின.

இப்போது கோர்ட்டில் பிரூவிட் எழுந்தாள். "போலீஸுக்கு முன்னாடி யாருக்கு போன் பண்ணினீங்க?"

"மூப்பர் பர்விஸுக்கு."

"ஏன்?"

பதினான்கு வருஷமாகக் காத்திருந்த கேள்வி. அவள் பழையபடி செருப்பைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். லியாண்டர் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான். மீசை நரைத்திருந்தது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தான்: ஊமைக் கோட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பேச்சும் வந்தது.

"அவர் முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவருங்க. இந்த ஊர்ப் போலீஸ்காரங்க பாதிப்பேரு சின்னப் பிள்ளையா அவர் பஸ்ஸுல போனவங்க. அவர் நம்ம வாசல்ல நின்னா சுடமாட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. எங்க வீட்டுப் பழக்கமே அது. ஒருத்தர் காயம்பட்டுக் கிடக்கும்போது மொதல்ல ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டிருக்கணும். அது தப்புதான். ஆனா நாங்க கதை ஜோடிக்கலங்க. அந்த ஒன்பது நிமிஷமும் எங்கண்ணன் தன் பெல்ட்டக் கழட்டி இந்த டில்லரியோட தொடையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். 'என்னை விட்டுராதடா'ன்னு இவரு சொன்னாரு. 'விடமாட்டேன், அசையாதீங்க'ன்னு அவன் சொன்னான். மீன் கருகிப்போச்சு. யாரும் அடுப்ப அணைக்கல."

அந்தப் பெல்ட்டைப் பற்றி முதல் விசாரணையில் யாரும் பேசவில்லை. டில்லரியும் சொல்லவில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் டில்லரி, காயம்பட்டவர் நீங்கள். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

டில்லரி கைத்தடியை ஊன்றி எழுந்தார். முன்பு கம்பி ஓங்கிய கை அது. புது அரசு வக்கீல் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒலீட்டாவின் உள்ளங்கைகள் முழங்காலில் மேல்நோக்கி இருந்தன. எப்போது அப்படி வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

டில்லரி லியாண்டரைப் பார்த்தார். அவன் இடுப்பைப் பார்த்தார். சிறைக் கால்சட்டைக்குப் பெல்ட் கிடையாது. பிறகு பெஞ்சிலிருந்த தொப்பியை எடுத்தார். அரசு வக்கீல் எதிர்ப்பு எதுவும் எழுதாமல் பேனாவை மூடிக் கோப்பின் மேல் வைத்தார்.

டில்லரி தொப்பியை மாட்டிக்கொண்டார். கைத்தடியை ஊன்றி ஊன்றி, ஒலீட்டாவின் பெஞ்சைத் தாண்டி, 'கூடாது' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே வெளியே போனார்.